விடுமுறைக்கு எங்கே போவது?

தேர்வு நெருங்க நெருங்க நம் மன்றத்தில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகிறது. பாடப் புத்தகத்தை மூடுவதற்கு முன்பே அது தலைதூக்கிவிடுகிறது. இந்த ஆண்டு விடுமுறைக்கு எங்கே போவது என்பதே அந்தக் கேள்வி. கோவா என்கிறார் ஒருவர். கன்னியாகுமரி என்கிறார் மற்றொருவர். கை தாராளமுள்ள நண்பர் ஒருவர் அந்தமான் என்று சொல்லி அவையை வாயடைக்க வைக்கிறார். கடல் வேண்டும், மணல் வேண்டும், மாலைக் காற்று வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எந்தக் கடல் என்பதில்தான் வழக்கு.

இந்த வழக்கில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மன்றத்தின் விடுமுறைப் பயணம் இந்த மும்பை மாநகரிலும் அதன் சுற்றுப்புறத்திலுமே நடக்கவேண்டும். காலையில் புறப்பட்டு இரவு வீடு திரும்பும் நான்கு நாள் பயணமாக அது அமையவேண்டும். இதைக் கேட்டதும் சிலர் சிரிப்பார்கள். "சான்பாடாவில் குடியிருந்துகொண்டு மும்பைக்குச் சுற்றுலாவா? வீட்டுத் திண்ணைக்கு யாத்திரை போவார் உண்டா?" என்று கேட்பார்கள். சிரித்து முடித்தபின் என் காரணங்களையும் கேட்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

பயணம் பற்றிப் பேசும் கூட்டங்களில் நாம் பேசுகிறவர்களின் குரலையே எண்ணுகிறோம். கடைசி வரிசையில் பேசாமல் இருப்பவர்களை எண்ணுவதில்லை. ஒருவருக்கு மாலை நேரத்தில் கடையில் கணக்கெழுதும் வேலை. நான்கு நாள் ஊரில் இல்லாவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருவர் அமர்ந்துவிடுவார். ஒரு மாணவிக்கு இரவு வெளியில் தங்க வீட்டில் இசைவு கிடைக்காது. இன்னொருவருக்குத் தம்பியின் பள்ளிக் கட்டணம் கண்முன் நிற்கும். இவர்களில் எவரும் எழுந்து நின்று, "என்னிடம் பணம் இல்லை" என்று சொல்லமாட்டார். "ஊரில் ஒரு திருமணம்", "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று ஏதேனும் ஒரு சாக்கு வரும். அதை நம்பியவர்கள்போல் நாமும் தலையசைப்போம். பிறகு, போனவர்கள் எடுத்துக்கொண்ட படங்கள் மன்றத்தின் படங்களாகிவிடும். அந்தப் படத்தில் இல்லாதவர் யார் யார் என்று எவரும் பார்ப்பதில்லை.

தாராவியில் தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும், மாதுங்காவில் அலுவலக வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும், செம்பூரிலும் வாஷியிலும் நெருலிலும் அண்மையில் குடியேறியவர்களின் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமரும் இடம் இந்த நகரில் எத்தனை உண்டு? நம் மன்றம் அப்படிப்பட்ட ஓரிடம். மொழி ஒன்று சேர்த்தவர்களைப் பயணச்சீட்டின் விலை பிரித்துவிடலாமா? இதுவே என் வழக்கின் உயிர்நாடி.

விடுமுறை என்பதே இந்த நகரில் உழைப்பாளிகள் போராடிப் பெற்ற செல்வம் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பம்பாயின் பஞ்சாலைகளில் வாரத்தின் ஏழு நாளும் எந்திரம் ஓடிய காலம் ஒன்று இருந்தது. நாராயண் மேகாஜி லோகண்டே என்னும் பெருமகனார் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டினார், கூட்டம் நடத்தினார், விண்ணப்பம் எழுதினார். அந்த முயற்சியின் பயனாக 1890ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது. பின்னர் 1948இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட மனித உரிமைப் பேரறிக்கை, ஓய்வையும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையையும் மனிதர் எல்லோருக்கும் உரிய உரிமையாக எழுதிவைத்தது. எல்லோருக்கும் என்று போராடிப் பெற்ற ஒன்றை, இயன்றவர்க்கு மட்டும் என்று நாம் சுருக்கலாகாது.

ஆகவே பயணத் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு ஒரு விதி சொல்கிறேன். மன்றத்தில் மிகக் குறைந்த பணமும், மிகக் குறைந்த நேரமும், மிகக் குறைந்த சுதந்திரமும் உடையவர் யார்? அவர் வரக்கூடிய பயணம் எது? அங்கிருந்து கணக்கைத் தொடங்குவோம். "மாணவியர் வெளியூர் தங்குவதற்கு உரிமை வேண்டாமா?" என்று கேட்பவர்களுக்கு என் விடை: கட்டாயம் வேண்டும், அதற்காக வாதாடுவோம். ஆனால் அந்த வாதம் வெல்லும் வரையில் அவர்களை வீட்டில் விட்டுவிட்டு நாம் மட்டும் போய் வருவது எந்த நியாயத்தில் சேரும்?

இனி, பார்க்கத்தக்கது இங்கே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். நாள்தோறும் பார்க்கும் நகரந்தானே என்கிறார்கள். நண்பர்களே, நாள்தோறும் நாம் பார்ப்பது நகரத்தையா? ஹார்பர் லைன் ரயிலில் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்க்கிறோம். கைப்பேசியைப் பார்க்கிறோம். இறங்கும் நிலையம் வந்துவிட்டதா என்று பார்க்கிறோம். வாஷிப் பாலத்தின்மேல் வண்டி ஓடும்போது இருபுறமும் விரிந்து கிடக்கும் நீரைத் திரும்பிப் பார்ப்பவர் பெட்டிக்கு இரண்டு பேர் இருந்தால் அதிகம். கடலோரத்தில் பிறந்து வளர்ந்து, கடலைச் சுவரொட்டியில் மட்டும் பார்க்கும் இளைஞர் கூட்டம் நாம்.

முதல் நாள் தென்மும்பை. சான்பாடாவிலிருந்து சத்ரபதி சிவாஜி மகராஜ் நிலையத்துக்கு இரண்டாம் வகுப்பில் போய்வர ஆகும் செலவு இரண்டு வடாபாவ் விலைக்குள் அடங்கும். இறங்கிய இடமே முதற்காட்சி. 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போரிபந்தரிலிருந்து தானே வரை 34 கிலோமீட்டர் ஓடியது. அந்தப் போரிபந்தருக்குப் பக்கத்தில்தான் 1878இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் ஸ்டீவன்ஸ் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி இந்த நிலையம் எழுந்தது. தூண்களில் உள்ள இலையும் பூவும் பறவையும் விலங்கும் யார் கைவண்ணம்? சர் ஜே.ஜே. கலைப்பள்ளியின் மாணவர்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. நம்மைப்போன்ற மாணவர்கள் செதுக்கிய கல்லை 2004இல் உலகம் தன் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. நாமோ அதன் கீழே எட்டாம் நடைமேடையைத் தேடி ஓடுகிறோம்.

அங்கிருந்து நடந்தே போகலாம். பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1857இல், நம் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்த அதே ஆண்டில் பிறந்தது. அதன் ராஜாபாய் கோபுரம் 1878இல் முடிந்தது. பிரேம்சந்த் ராய்சந்த் என்னும் வணிகர் கொடுத்த பொருளில் எழுந்து, அவருடைய அன்னையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு வணிகர் தம் தாயின் பெயரை ஒரு நூலகத்தின்மீது எழுதிவைத்தார் என்பது எண்ணி மகிழத்தக்க செய்தி. பிறகு இந்தியாவின் நுழைவாயில். 1911இல் ஆங்கில மன்னர் வந்ததன் நினைவாக எழுப்பத் தொடங்கி, 1924இல் முடித்த வளைவு அது. அதே வளைவின் வழியாக 1948 பிப்ரவரி 28ஆம் நாள் இந்திய மண்ணில் இருந்த கடைசி ஆங்கிலப் படைப்பிரிவு அணிவகுத்துக் கப்பல் ஏறியது. வரவேற்கக் கட்டிய வாசல் வழியனுப்பவும் பயன்பட்டது. மாலையில் மரைன் டிரைவ். அந்தச் சுவரில் அமர்ந்து கதிரவன் கடலில் இறங்குவதைக் காண்பதற்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை. நம் சென்னையில் கடலிலிருந்து எழும் ஞாயிறு, இங்கே கடலில் விழுகிறது. இரண்டையும் கண்ட கண் இந்தியாவின் இரு கரையையும் கண்ட கண்.

இரண்டாம் நாள் எலிபெண்டா. மராத்தியர் இத்தீவைக் காராபுரி என்பார்கள். நுழைவாயிலிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர். படகில் ஒரு மணி நேரப் பயணம். நான்கு நாளில் பெருஞ்செலவு இந்தப் படகுக் கட்டணந்தான். கரையிலிருந்து 120 படிகள் ஏறினால், மலையைக் குடைந்து அமைத்த பெருங்கோயில். ஏறத்தாழ 18 அடி உயரத்தில் மும்முகச் சிவனின் திருவுருவம் இருளிலிருந்து மெல்ல மெல்லத் துலங்குகிறது. கடவுள் நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் அங்கே ஒரே அமைதியில் நிற்பார்கள்.

மாமல்லபுரத்தைப் பார்த்துவிட்டு இங்கே வருபவருக்கு இந்தக் கல் வேறொன்றும் சொல்லும். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமல் கோயில் அமைத்தேன் என்று மகேந்திரவர்மப் பல்லவன் மண்டகப்பட்டில் கல்வெட்டில் பொறித்து வைத்தது ஏழாம் நூற்றாண்டில். எலிபெண்டாவின் பெருங்குகை ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. அங்கே கருங்கல், இங்கே எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. கல் வேறு, கை வேறு; கனவு ஒன்றே. தமிழன் தன் கலையைப் பெருமையோடு பேசவேண்டும். பக்கத்து வீட்டுக் கலையையும் பார்த்துவிட்டுப் பேசினால் அந்தப் பெருமைக்கு எடை கூடும்.

அந்தத் தீவில் குடியிருக்கும் மக்களையும் நினைக்கவேண்டும். இரவு நேரத்தில் எதிர்க்கரையில் மும்பையின் விளக்குகள் வைரமாலைபோல் ஒளிரும். அந்த ஒளியைப் பார்த்துக்கொண்டே இருந்த தீவின் சிற்றூர்களுக்கு, கடலடியில் 7.5 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் வந்தது எப்போது தெரியுமா? 2018இல். விடுதலை பெற்று எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு! சிற்பத்தைப் பார்த்துவிட்டு இச்செய்தியையும் கேட்டுத் திரும்புகிறவனே முழுப் பயணம் செய்தவன்.

மூன்றாம் நாளுக்கு நாம் தொலைவே போகவேண்டாம். நம் சான்பாடாவைச் சுற்றியே பார்ப்போம். தானே கடற்கழி நம் தெருக்களுக்கு மேற்கே படுத்துக் கிடக்கிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களுக்குப் பிறகு அங்கே பூநாரைகள் வந்து இறங்குகின்றன. மே மாதம் வரையில் தங்குகின்றன. கோடியக்கரைக்கும் பழவேற்காட்டுக்கும் பூநாரை பார்க்கப் போகும் தமிழர் பலர். வீட்டின் பின்னால் வந்து நிற்கும் பூநாரையைப் பார்க்காத தமிழரும் பலர். 2015இல் இக்கழி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகச் சேர்ந்தது. சரணாலயத்தின் பரப்பு ஏறத்தாழ 17 சதுரக் கிலோமீட்டர். ஐரோலியில் அரசின் இயற்கை மையமும் படகும் உண்டு. கையில் காசு இல்லையென்றால் படகும் வேண்டாம். நீர் வற்றும்போது பூநாரைகள் கழியின் சேற்றில் மேய்கின்றன. நீர் ஏறும்போது நெருல், சீவுட்ஸ் பக்கத்து நீர்நிலைகளில் வந்து ஒதுங்குகின்றன. அன்றைய ஏற்றவற்ற நேரத்தை அறிந்துகொண்டு கரையில் நின்றால் போதும். ஏற்றம் நாளுக்கு நாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும்.

அந்தச் சேறும் அலையாத்திக் காடும் இருக்கும் வரையில்தான் அந்தப் பறவைகள் வரும். 2024 மே மாதத்தில் காட்கோபர்ப் பகுதியில் விமானம் ஒன்றில் மோதி முப்பதுக்கு மேற்பட்ட பூநாரைகள் மாண்டன. அவற்றைக் கண்ணால் கண்டவர்களுக்குத்தான் அந்தச் செய்தி நெஞ்சைத் தொடும். காணாதவர்க்கு அது நாளிதழின் மூலையில் நாலு வரி. தன் ஊரின் அழகைத் தெரிந்துகொள்ளாதவன் அதன் அழிவையும் தெரிந்துகொள்ளமாட்டான்.

அன்று மாலையில் சான்பாடாவின் வரலாற்றையும் பேசுவோம். 1960களின் நடுவில் சார்ல்ஸ் கொரியா, பிரவீணா மேத்தா, சிரீஷ் பட்டேல் என்னும் மூவர், நெரிசலில் திணறும் பம்பாய்க்கு எதிர்க்கரையில் புதுநகர் ஒன்று வேண்டும் என்று வாதாடினர். 1970இல் அதற்காகவே சிட்கோ நிறுவனம் பிறந்தது. நகரம் எழுந்தது. ஆனால் நிலம் யாருடையது? நெல் விளைத்த ஆகிரி மக்களுடையது. மீன் பிடித்த கோலி மக்களுடையது. உரிய ஈடு கேட்டு அவர்கள் தி. பா. பாட்டீலின் தலைமையில் போராடினார்கள். 1984 ஜனவரியில் உரண் வட்டாரத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் உயிர் இழந்தனர். எடுத்த நிலத்தில் 12.5 விழுக்காட்டை மனையாக்கித் திருப்பித் தரும் திட்டம் அந்தப் போராட்டத்தின் விளைவு. பிழைக்க வந்த நாம் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழே ஒருவருடைய வயல் இருக்கிறது. அந்த வயலுக்குரியவரின் மொழியில் நாலு வார்த்தை நன்றியாகப் பேசத் தெரியவேண்டாமா? 1966க்குப் பிறகு சில ஆண்டுகள் இந்நகரில் தென்னாட்டவருக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்ததை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. அந்தக் கசப்புக்கு மருந்து, வந்த ஊரை அறிந்து நேசிப்பது. அறிமுகமே பகையைக் கரைக்கும்.

நான்காம் நாள்தான் இந்தப் பயணத்தின் முடி. அன்று நாம் தமிழ் மும்பையைப் பார்க்கிறோம். காலையில் சயான் கோட்டை. 1669க்கும் 1677க்கும் இடையில் கிழக்கிந்தியக் கம்பெனியார் குன்றின்மேல் கட்டியது. அன்று கம்பெனியின் தீவுகளுக்கும் போர்ச்சுகீசியரின் சால்செட்டுக்கும் இதுவே எல்லை. எல்லை என்று பொருள்படும் சொல்லிலிருந்தே இவ்வூர்ப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். நாம் சீமை என்கிறோமே, அதற்கு உறவான சொல். உச்சியில் நின்று பார்த்தால் ஒருபுறம் தாராவி, மறுபுறம் நகரின் கிழக்கு.

கோட்டையிலிருந்து இறங்கித் தாராவிக்குப் போவோம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். 2008இல் ஒரு திரைப்படம் உலகெங்கும் ஓடியதற்குப் பிறகு தாராவியைக் காசு கொடுத்துச் சுற்றிப்பார்க்க வருவோர் பெருகினர். வறுமையை வேடிக்கை பார்க்கும் அந்தக் கூட்டத்தில் நாம் சேரக்கூடாது. அங்கே குடியிருக்கும் நம் மன்றத்துத் தோழர்கள் அழைத்தால் மட்டும் போவோம். அவர்கள் வீட்டு விருந்தினராகப் போவோம். படம் எடுக்கும் கருவியைப் பையில் வைத்துவிட்டுப் போவோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிட வந்தவர்கள் சதுப்பு நிலத்தை மேடாக்கிக் குடியேறிய கதையை அவர்கள் வாயாலேயே கேட்போம். விடியுமுன்பே இட்டிலி அவித்து நகரெங்கும் எடுத்துச் செல்லும் தெருக்களில் அவர்களோடு நடப்போம். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் பற்றி ஏடுகளில் படிக்கிறோம். அங்கே பிறந்தவர் அதைப்பற்றி என்ன நினைக்கிறார் என்று உட்கார்ந்து கேட்டிருக்கிறோமா?

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். கோவாவுக்குப் போனால் வீட்டில் தங்கிவிடக்கூடிய அதே நண்பர், இந்தப் பயணத்தில் நமக்கு வழிகாட்டியாகிறார். சாக்குச் சொல்லி ஒதுங்கியவர் இலை போட்டுப் பரிமாறுகிறவர் ஆகிறார். இந்த மாற்றத்தை எந்தக் கடற்கரை விடுதி நமக்குத் தரும்?

பகலுக்குப் பின் மாதுங்கா. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றி, வந்தேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தது. பக்கத்தில் சண்முகானந்த அரங்கம். 1963இல் திறந்தார்கள், 1990இல் தீக்கிரையாயிற்று, மீண்டும் எழுப்பி 1998இல் விளக்கேற்றினார்கள். எரிந்ததைத் திரும்பக் கட்டிய சமுதாயம் என்று நாம் தலைநிமிர்ந்து சொல்லலாம். பூக்கடைத் தெருவில் மல்லிகை வாசம். வாழையிலையும் பில்டர் காப்பியும் அடுத்த கடையில். மாலையில் செம்பூர்ச் சேடா நகரின் முருகன் கோயிற் படிகளில் அமர்ந்து, நான்கு நாளும் கண்டதைப் பேசி முடிப்போம். தாராவியையும் மாதுங்காவையும் செம்பூரையும் ஒரே நாளில், ஒரே கூட்டமாக, ஒரே தமிழில் நடந்து கடந்த மாணவர்கள் நாம் என்று சொல்லிக்கொள்ளும் பெருமை சிறிதா?

"மாற்றுக் காற்று வேண்டும், மலை வேண்டும்" என்று யாரேனும் பிடிவாதம் பிடித்தால், அதற்கும் வழி உண்டு. ஒரு நாளைக் கூட்டி மாதேரானுக்குப் போகலாம். நேரல் வரையில் மின்சார ரயில். அதற்குமேல் 1907இல் போட்ட குறும்பாதையில் சிறு ரயில், அல்லது நம் கால்கள். கார்கள் ஊருக்குள் வராத மலை அது. அங்கும் இரவுக்குள் திரும்பிவிடலாம்.

காலத்தையும் எச்சரிக்கையையும் பற்றிச் சில சொற்கள். இந்தப் பயணத்துக்கு ஏற்ற பருவம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜூனில் தொடங்கும் மழை எப்படிப்பட்டது என்பதை 2005 ஜூலை 26ஆம் நாள் காட்டியது. அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. மழைக்காலத்தில் கார்கரின் பாண்டவ்கடா அருவி அழகாயிருக்கிறது என்று ஓடக்கூடாது. தடை இருந்தும் 2019 ஆகஸ்டில் அங்கே சென்ற கல்லூரி மாணவியர் நால்வரை வெள்ளம் அடித்துச் சென்றது. படகு ஏறியவுடன் மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கி அணியவேண்டும். 2024 டிசம்பர் 18ஆம் நாள் எலிபெண்டாவுக்குச் சென்ற படகின்மீது கடற்படை விசைப்படகு மோதிப் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். சட்டை கேட்பதில் வெட்கம் வேண்டாம். எலிபெண்டாக் குகை திங்கட்கிழமை திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயில் பாதையில் பழுதுபார்க்கும் வேலை நடக்கும். முதல்நாளே அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளவேண்டும். சாப்பாட்டுக்கு வீட்டுப் புளியோதரையும் தயிர்ச்சோறும் போதும்; தீவின் குரங்குகளிடமிருந்து அவற்றைக் காப்பது அவரவர் வீரம்.

பணத்துக்கும் ஒரு முறை சொல்கிறேன். தலைக்கு இவ்வளவு என்று விதிக்கவேண்டாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி உறை கொடுப்போம். இயன்றதை வைத்து ஒட்டிப் பெட்டியில் போடட்டும். நூறு வைத்தவர் யார், ஆயிரம் வைத்தவர் யார், ஒன்றும் வைக்காதவர் யார் என்று பொருளாளருக்கும் தெரியக்கூடாது. வந்த தொகையை எண்ணி, அதற்குள் எல்லோருக்கும் சீட்டு எடுப்போம். குறைந்தால் படகை விட்டுவிட்டு, சிறுசெலவில் கன்னேரிக் குகைக்குப் போவோம். நூற்றுக்கு மேற்பட்ட குகைகளும், பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகளும் அங்கே காத்திருக்கின்றன. ஆள் குறையக் கூடாது, இடம் குறையலாம்.

கடைசியாக ஒரு மறுப்பு. "விடுமுறை என்பதே வீட்டை விட்டு ஓடுவதுதானே? இரவு அதே வீட்டுக்குத் திரும்பினால் என்ன சுகம்?" என்று கேட்கிறார்கள். அதில் உண்மை உண்டு, மறுக்கமாட்டேன். தொலைதூரப் பயணம் இளமைக்கு அழகு. கையில் பொருளும் வீட்டில் இசைவும் உள்ளவர்கள் தனித்தனியே கோவாவுக்கும் குமரிக்கும் போய்வரட்டும்; வாழ்த்தி வழியனுப்புவோம். மன்றத்தின் பெயரால் போகும் பயணத்துக்கு மட்டும் வேறு அளவுகோல் வேண்டும். அது எவ்வளவு தூரம் போயிற்று என்று அளக்கவேண்டாம். எத்தனை பேரை அழைத்துச் சென்றது என்று அளப்போம்.

அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். எதிர்த்துப் பேச விரும்புகிறவர்கள் தாராளமாகப் பேசலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: பேசத் தொடங்குமுன் ஒருமுறை திரும்பி, கடைசி வரிசையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.